சயாமுக்குப் போன வழி: நாலு நாள் டைரி

முதல் நாள்

ரொம்ப வருஷமா பேசிப் பேசியே தள்ளிப் போட்ட பயணம் இது. இந்த வாட்டி சித்தப்பாவே "டிக்கெட்டு எடுடா, முட்டி வலிய நான் பாத்துக்கிறேன்"னு சொல்லிட்டாரு. எழுபத்திரண்டு வயசு, இப்ப போகலன்னா இனி எப்ப போறது. காலையில மலேசியாவுல சுங்கை சிப்புட்ல ஈடிஎஸ் எக்ஸ்பிரஸ் ரயில் ஏறி மத்தியானத்துக்குள்ள எல்லையில இருக்கிற பாடாங் பெசார் வந்துட்டோம். சித்தி கட்டிக் குடுத்த புளிச்சோறு அலோர் ஸ்டார் வர்றதுக்கு முன்னாடியே காலி.

எங்க போறோம்னா, தாய்லாந்துல காஞ்சனபுரிக்கு மேல, காட்டுக்குள்ள ஒரு மலையை, ரெண்டாம் உலகச் சண்டையில சப்பான்காரன் பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதைக்காக நடுவுல வெட்டிப் பொளந்த இடம் இருக்கு. வெள்ளக்காரங்க அதை ஹெல்ஃபயர் பாஸ்னு சொல்றாங்க, தாய்க்காரங்க சோங் காவ் காட்ங்கிறாங்க. எங்க வீட்ல அப்படி இடத்துப் பேரெல்லாம் கிடையாது, மொத்தத்துக்கும் ஒரே பேரு சயாம். "அவரு சயாமுக்குப் போனாரு" அவ்வளவுதான், அதுக்கு மேல யாரும் பேச மாட்டாங்க.

போனவரு எங்க பாட்டியோட அப்பா. 1943-ல. பாட்டிக்கு அப்ப எட்டு வயசு. சப்பான்காரன் மலாயாவப் புடிச்சதும் ரப்பர் ஏத்துமதி நின்னு போச்சு, பால் மரம் வெட்டி என்ன பண்றது, தோட்டத்துல வேலை இல்ல, அரிசி இல்ல, மூணு வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். கட்டுறதுக்குத் துணி இல்லாம கோணிச்சாக்க வெட்டிக் கட்டுன காலம். அப்பத்தான் அந்த ரயில் பாதை வேலைக்கு, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம், மூணு மாசம் வேலை, சாப்பாடு குடுப்போம்னு ஆள் எடுத்தாங்க. ஆசைப்பட்டுப் போனவங்க கொஞ்சம், புடிச்சிட்டுப் போனது நெறைய. ஓசிப்படம் காட்டுறோம்னு கூட்டி வச்சு கதவச் சாத்தி லாரில ஏத்துன கதையெல்லாம் எங்க பக்கத்துப் பெருசுங்க அத்தனை பேரும் சொல்வாங்க. எங்க ஆளு ஆசைப்பட்டுப் போனாரா புடிச்சிட்டுப் போனாங்களான்னு பாட்டி ஒரு நாளும் தெளிவா சொன்னதில்ல. ஒருவேளை அவரா போயிருந்தா அத வெளிய சொல்ல அவங்களுக்கு மனசு வரலையோ என்னவோ.

அவரு திரும்பி வரல. செத்துட்டாருன்னு சொல்லவும் ஆள் வரல. அதனால கொள்ளுப்பாட்டி தாலிய கழட்டவே இல்ல. 1979 வரைக்கும் பொட்டோட பூவோட இருந்து, அப்படியே சுமங்கலியாத்தான் அடக்கம் பண்ணாங்க. சித்தப்பா அவங்கள பாத்து வளந்தவரு. தோட்டத்துல சில பொம்பளைங்க அதுக்கு ஒரு மாதிரி பேசுவாங்களாம், "ஆயா காதுல போட்டுக்கவே மாட்டாங்க"ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

பாடாங் பெசார்ல ரெண்டு நாட்டு இமிகிரேஷனும் ஒரே ஸ்டேஷனுக்குள்ளதான், வரிசையில நின்னு ரெண்டு சாப்பா (முத்திரை) வாங்கிட்டா தாய்லாந்து. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால திருப்பணும். சாயங்காலம் பாங்காக் ரயில், படுக்கை டிக்கெட்டு, சித்தப்பாவுக்குக் கீழ் பெர்த். ஹட்யாய்ல வண்டி நின்னப்ப கோழிச்சோறு தப்பாவ் (பார்சல்) வாங்கிட்டேன். மீதி நாளைக்கு.

ரெண்டாவது நாள்

ராத்திரி சித்தப்பா தூங்கவே இல்லன்னு நினைக்கிறேன். நான் மூணு மணிக்கு எழுந்து பாத்ரூம் போறப்ப திரைய ஒதுக்கி வெளிய இருட்ட பாத்துட்டு உக்காந்திருந்தாரு. "இதே தண்டவாளம்தானேடா"ன்னு கேட்டாரு. அதே பாதைதான். சப்பான்காரன் புடிச்ச வெள்ளக்காரப் பட்டாளத்துக் கைதிங்களையும் நம்ம ஆளுங்களையும் இதே தெக்குப் பாதையிலதான் சாமான் ஏத்துற இரும்பு வேகன்ல அடைச்சு மேல கொண்டு போனாங்க. சிங்கப்பூர்ல ஏத்துனா தாய்லாந்துல பான் போங் ஸ்டேஷன்ல எறக்க நாலஞ்சு நாள் ஆகும். பகல்ல இரும்பு சுடும், ராத்திரி குளிரும், படுக்க இடம் இருக்காது, வேகன் கதவ தொறந்து வச்சுத்தான் மத்த எல்லாமே. நாங்க ஏசில போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுப் போறோம்.

விடிஞ்சப்ப ஹுவா ஹின் தாண்டியாச்சு. அப்புறம் ராட்சபுரி, அப்புறம் பான் போங். சின்ன டவுன் ஸ்டேஷன், ஸ்கூல் பிள்ளைங்க நின்னுக்கிட்டு இருந்தாங்க. அடுத்தாப்புல நோங் பிளாடுக் ஜங்ஷன், அங்க இருந்துதான் அந்த 415 கிலோமீட்டர் பாதை ஆரம்பிச்சு பர்மாவுல தான்பியூசயாட் வரைக்கும் போச்சு. எங்க வண்டி அதைத் தாண்டி நக்கோன் பாதோம்ல எறக்கி விட்டுச்சு, பெரிய கோபுரம் ஸ்டேஷன்ல இருந்தே தெரியுது. அங்க பசியாறிட்டு, காஞ்சனபுரி போற மூணாங்கிளாஸ் வண்டில ஏறி வந்த வழியே திரும்பி அதே ஜங்ஷன்ல பிரிஞ்சு போனோம். மரச்சீட்டு, ஜன்னல் முழுக்க தொறந்து கெடக்கு, கரும்புக் காட்டுத் தூசி மூஞ்சில. சித்தப்பாவுக்கு இதான் புடிச்சிருக்கு.

காஞ்சனபுரி ஸ்டேஷன் பக்கத்துலயே போர்க் கல்லறை இருக்கு. 6,982 பேரு. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியா, டச்சு. புல்லு கத்திரிக்கோல்ல வெட்டுன மாதிரி, ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்துல ஒரு பூச்செடி, கல்லு மேல சாய்வா வெண்கலத் தகடு, அதுல நம்பரு, பேரு, பட்டாளம், தேதி, வயசு. 22, 24, 31, 23. சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வரும், ஆனா வயச மட்டுந்தான் படிச்சிட்டு வந்தாரு. வாசல் கட்டடத்துல இந்தியப் பட்டாளத்து ஆளுங்க 11 பேரு பேரும் பொறிச்சிருக்கு, தாய்லாந்துல முஸ்லிம் இடுகாடுகள்ல பொதைச்சு அந்தக் குழிங்கள பராமரிக்க முடியாம போனவங்களாம். அதுல நம்ம ஆளுங்க இல்ல, ஏன்னா நம்ம ஆளுங்க பட்டாளமே இல்லையே, கூலிங்கதானே.

நான் அந்தக் கல்லுங்கள கொற சொல்லல. அதுல படுத்திருக்கிறவனும் அம்மா பெத்த பிள்ளைதான். ஆனா அந்தப் பேருங்க எப்படி அங்க வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டப்பதான் எனக்குள்ள ஒண்ணு ஒறைச்சுது. கேம்ப்ல செத்தவன் பேரு, எங்க பொதைச்சோம்ங்கிற வெவரம் எல்லாத்தையும் கைதிங்களோட ஆபீசருங்க சப்பான்காரனுக்குத் தெரியாம எழுதி ஒளிச்சு வச்சிருந்தாங்க. சண்ட முடிஞ்ச கையோட 1945-லயே ஒரு குழு அந்தக் கணக்க வச்சுக்கிட்டுப் பாதை முழுக்கப் போய் குழிங்கள கண்டுபுடிச்சுச்சு. அப்படி எடுத்தவங்களத்தான் இங்கயும், ஆத்துக்கு அந்தப் பக்கம் சுங்காய்லயும், பர்மாவுல தான்பியூசயாட்லயும் சேத்து வச்சாங்க. நம்ம ஆளுங்களுக்கு எழுதறதுக்கு ஆளு கிடையாது. சித்தப்பா ஒரே வார்த்தைல முடிச்சுட்டாரு: "தோட்டத்துல ஒரு நாள் பெரட்டுக்கு (காலையில ஆள் கணக்கு எடுக்கிறது) வரலன்னா கிராணி (குமாஸ்தா) செக்ரோல்ல (வருகைப் பதிவேடு) கோடு போட்டுருவான். இங்க செத்தவனுக்குக் கோடு போடக் கூட ஒருத்தன் இல்ல."

சாயங்காலம் குவாய் ஆத்து ரயில் பாலத்துக்குப் போனோம். ஒரே கூட்டம், செல்ஃபி, டீ ஷர்ட்டு கடை. வளைவா இருக்கிற இரும்பு எல்லாம் சப்பான்காரன் ஜாவாவுல இருந்து கழட்டிக் கொண்டு வந்தது, நடுவுல நேரா பொட்டி மாதிரி இருக்கிற ரெண்டும் குண்டு போட்டு ஒடைஞ்சப்புறம் மாத்துனது. ஆத்துக்கே 1960-கள்லதான் குவாய்னு பேரு வச்சாங்க, 'பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' சினிமா பாத்துட்டு வர்ற வெள்ளக்காரன் கேக்குறானேன்னு. சினிமாவுக்கு ஆத்துப் பேர மாத்துற ஊரு, பரவால்ல.

அங்க இருந்து கொஞ்சம் நடந்தா சப்பான் பட்டாளமே 1944-ல கட்டுன ஒரு நினைவுத் தூண் இருக்கு, கூட்டமே இல்ல. ஓரத்துல பல மொழில பலகை. மலாய், சீனம், வியட்நாம், தாய்னு பாத்துக்கிட்டே வந்தவரு ஒரு எடத்துல நின்னுட்டாரு. தமிழ். இந்த ஊருக்கு வந்ததுல இருந்து நாங்க பாத்த மொத தமிழ் எழுத்து, அதையும் வச்சது யாருன்னு பாருங்க. சித்தப்பா வெரல வச்சு ஒவ்வொரு எழுத்தாத் தடவிக்கிட்டே வந்தாரு. எனக்கு கோவம் வந்துச்சா அழுகை வந்துச்சான்னு இன்னும் புரியல, போட்டோ எடுத்தேன், அதுவும் ஆடிப் போச்சு.

மூணாவது நாள்

காலையில பஸ் ஸ்டாண்டுல தோங் பா பூம் பக்கம் போற பஸ்சு. கண்டக்டரம்மாகிட்ட "சோங் காவ் காட்"னு நாலு தடவ சொன்னேன், தலைய ஆட்டுச்சு, நானும் நம்பிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழிச்சு மேப்ப பாத்தா ஸ்டாப்பு தாண்டிப் போயிட்டிருக்கு! கத்தி எறங்குனோம். ரெண்டு கிலோமீட்டர் திரும்பி நடக்கணும், உச்சி வெயிலு, ரோட்டோரம் ஒரு மரம் இல்ல. நான் ஆயிரம் மன்னிப்புக் கேட்டேன். சித்தப்பா "அவங்க நூறு கிலோமீட்டருக்கு மேல நடந்தாங்கடா, நடடா"ங்கிறாரு. பான் போங்ல எறக்கி விட்டு கேம்ப் வரைக்கும் நடக்க விட்டதத்தான் சொல்றாரு, சரி, நான் என்ன பேச முடியும்.

அந்த எடமே தாய்லாந்து பட்டாளத்துப் பண்ணைக்குள்ள இருக்கு, கேட்ல சிப்பாய் நிக்கிறாரு, கும்பிட்டு உள்ள விட்டாரு. மியூசியம் 1998-ல ஆஸ்திரேலியா அரசாங்கம் கட்டுனது, இன்னைக்கும் அவங்கதான் பாத்துக்கிறாங்க, காசு கெடையாது. காதுல மாட்டுற ஆடியோ குடுத்தாங்க, பழைய கைதிங்க அவங்க சொந்தக் கொரல்ல பேசுறாங்க. உள்ள நம்ம ஆளுங்களப் பத்தியும் எழுதியிருக்கு, இல்லன்னு சொன்னா பாவம். 60,000-க்கும் மேல கைதிங்க, அதுல 12,000-க்கும் மேல செத்தாங்க. ஆசியத் தொழிலாளிங்க ரெண்டு லட்சத்துக்கு மேல இருக்கும், செத்தவங்க 90,000 வரைக்கும்னு மதிப்பு. மலாயாவுல இருந்து மட்டும் 70,000-க்கும் மேல, அதுல பெரும்பாலும் தோட்டத்துத் தமிழாளுங்க. கைதிங்களுக்குக் கணக்கு இருக்கு, எங்களுக்கு மதிப்புத்தான் இருக்கு.

மியூசியத்துக்குப் பின்னால இருந்து படிக்கட்டு எறங்குது. மூங்கில் காடு. படி நல்லா கட்டியிருக்காங்க, ஆனா முட்டி வலிக்காரருக்குப் படி எறங்குறதுதான் கஷ்டம், பக்கவாட்டா திரும்பி ஒவ்வொண்ணா எறங்குனாரு. கீழ வந்தா பழைய ரயில் பாதை தளம், ஜல்லி, அங்கங்க மக்கிப் போன சிலிப்பர் கட்டை. கொஞ்ச தூரம் நடந்தா ரெண்டு பக்கமும் பாறை மேல ஏற ஆரம்பிக்குது, திடீர்னு பாத்தா நாம உள்ள இருக்கோம்.

ஆழம் சுமார் 25 மீட்டர். நான் போட்டோல பாத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. காத்து நின்னு போச்சு. பாறை சூடு ரெண்டு பக்கத்துல இருந்தும் கன்னத்துல அடிக்குது, மேல ஒரு கோடு மாதிரி வானம், செடி கொடி தொங்குது, சிள்வண்டு சத்தம் மட்டும். இதைப் பெரும்பாலும் மெஷின் வச்சு வெட்டல, சம்மட்டியும் உளியும். ஒருத்தன் நீளக் கம்பிய பாறைல புடிச்சுக்கணும், இன்னொருத்தன் சம்மட்டியால அடிக்கணும், ஒவ்வொரு அடிக்கும் கம்பியக் கொஞ்சம் திருப்பணும், அப்படி ஒரு மீட்டர் ஓட்டை போட்டா அதுல வெடிய வச்சு வெடிப்பான், அப்புறம் சிதறுன கல்ல கையாலயும் கூடையாலயும் அள்ளி ஓரத்துல கொட்டணும். 1943 ஏப்ரல் 25-ல ஆரம்பிச்சாங்க. ஆஸ்திரேலியாக்காரங்களுக்கு அது அன்சாக் நாள், அவங்க பட்டாளத்துக்குத் திதி மாதிரி. அன்னைக்கே ஆரம்பிச்சிருக்கான் பாருங்க. ஆகஸ்ட்ல முடிஞ்சுச்சு. நடுவுல சப்பான்காரன் "ஸ்பீடோ ஸ்பீடோ"ன்னு வெரட்ட ஆரம்பிச்சதும் ராத்திரிலயும் வேலை, மூங்கில் தீ, எண்ணெய் விளக்கு, அந்த வெளிச்சத்துல எலும்புந்தோலுமா ஆளுங்க ஆடுற நெழல மேல இருந்து பாத்தா நரகம் எரியிற மாதிரி இருந்துச்சாம், அதான் அந்தப் பேரு. இந்த வெட்டுல அதிகமா வேலை செஞ்சது ஆஸ்திரேலியா, பிரிட்டிஷ் கைதிங்க, ஆசியத் தொழிலாளிங்களும் இருந்தாங்க. எங்க ஆளு இங்க இருந்தாரா, மேல எங்கயாவது கேம்ப்ல இருந்தாரா, யாருக்குத் தெரியும். மே ஜூன்ல மழையோட காலரா வந்துச்சு. கைதிங்ககிட்ட அவங்களோட டாக்டருங்களாவது இருந்தாங்க, தண்ணிய காய்ச்சித்தான் குடிக்கணும்னு அடிச்சு சொன்னாங்க. நம்ம ஆளுங்க கேம்ப்ல அதைச் சொல்லவும் ஆளு இல்ல. சில பேரு பொண்டாட்டி பிள்ளையோட வேற போயிருந்தாங்க.

பாறைல ஓட்டைங்க இன்னும் அப்படியே இருக்கு. நீளமா, பாதி ஒடைஞ்ச குழாய் மாதிரி, மேல இருந்து கீழ வரிசையா. ஒரு எடத்துல ஒடைஞ்ச கம்பி ஒண்ணு பாறைக்குள்ளயே மாட்டிக்கிட்டு நிக்குது, எண்பது வருஷமா. துருப்புடிச்சு பாறை நெறத்துக்கே வந்துருச்சு, சொல்லலன்னா தெரியாது. சித்தப்பா அது முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரு. வெட்டுக் கத்தி புடிச்ச கை அவருது, முப்பது வருஷம் பால் மரம் வெட்டுனவரு, ஒரு கருவிய பாத்தா அதைப் புடிச்சவன் கை அவருக்குத் தெரியும்போல. "அடிச்சவன் மேல தப்பில்ல, புடிச்சவன் கை தளந்திருக்கு, அதான் சாஞ்சு ஒடைஞ்சிருக்கு"ன்னாரு. நான் எதுவும் சொல்லல.

பாறை இடுக்குல எல்லாம் சின்னச் சின்ன ஆஸ்திரேலியா கொடி, காகித பாப்பிப் பூ, குச்சியில செஞ்ச சிலுவை, ஒரு லேமினேட் போட்ட போட்டோ, சிரிக்கிற பையன், தொப்பி சாஞ்சிருக்கு. கோடியில கருப்புக் கல்லு நினைவிடம், அங்கதான் வருஷா வருஷம் ஏப்ரல் 25 விடியக்காலைல இருட்டுலயே கூடி நிப்பாங்க. இந்த எடம் காடு மண்டி மறைஞ்சு போயிருந்ததாம். 1980-கள்ல பழைய கைதி டாம் மோரிஸ் தேடி வந்து கண்டுபுடிச்சு, இதைக் காப்பாத்தணும்னு அவங்க அரசாங்கத்துகிட்ட மோதி வாங்குனாரு. திரும்பி வந்தவன் ஒருத்தன் போதும். எங்க பக்கமும் திரும்பி வந்தவங்க உண்டு, அவங்க வந்து மறுபடியும் கித்தா (ரப்பர்) காட்டுல மரம் வெட்டப் போனாங்க, யாருகிட்ட போய் மோதுவாங்க.

நான் வெத்தல, பாக்கு, சூடம் எல்லாம் கொண்டு போயிருந்தேன். காஞ்ச மூங்கிலா கெடக்கு, சூடம் கொளுத்த பயமா இருந்துச்சு, அதோட அந்தக் கொடிங்களுக்கு நடுவுல எங்க வைக்கிறதுன்னும் தெரியல, எல்லா எடமும் யாரோ ஒருத்தருக்குன்னு இருக்கு. சித்தப்பா சட்டைப் பாக்கெட்ல கைய விட்டாரு. கித்தா கொட்டை. எங்க தோட்டத்துல பொறுக்குனது, அவரு பாக்கெட்ல எப்பவும் ரெண்டு கெடக்கும். அதைப் பாறைல வச்சு பரபரன்னு தேச்சாரு, சின்ன வயசுல நாங்க எல்லாம் செய்யறதுதான். தேச்சுட்டு என் கைல வச்சாரு, சுருக்குன்னு சுட்டுச்சு, நான் கைய இழுத்துட்டேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துருச்சு. எழுபத்திரண்டு வயசாளு அந்த எடத்துல நின்னு சிரிக்கிறத பாத்து ஒரு வெள்ளக்காரம்மா மொறைச்சுட்டுப் போச்சு, போகட்டும். அப்புறம் அந்தக் கொட்டைய ஒரு துளை அடியில தள்ளி விட்டாரு.

ஏறி வர ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. மியூசியத்துல இருந்த தம்பி ஒண்ணு கேக்காமலே நாற்காலி கொண்டு வந்து போட்டுச்சு, தண்ணி குடுத்துச்சு. அது நல்லா இருக்கணும். விருந்தினர் புத்தகத்துல நான் தமிழ்ல எழுதுனேன், அவரு பேரு, தோட்டத்துப் பேரு, 1943. பேனா குடுத்தது சித்தப்பா.

நாலாவது நாள்

இன்னைக்குச் சுருக்கமா எழுதுறேன், ஒடம்பு முழுக்க வலி. காலையில நாம் தோக்ங்கிற ஸ்டேஷன் வரைக்கும் ரயில்ல போயிட்டு வந்தோம், வெளிநாட்டுக்காரங்களுக்கு 100 பாட். சண்ட முடிஞ்சதும் மேல இருந்த தண்டவாளத்த எல்லாம் பேத்துட்டாங்க, நாம் தோக் வரைக்குந்தான் இப்ப வண்டி. தாம் கிராசேல ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் குவாய் நோய் ஆறு, நடுவுல மரக்கட்டையில நிக்கிற பாலம், வண்டி நடந்து போற வேகத்துல ஊருது, கட்டை முனகுற சத்தம் கேக்குது. எல்லாரும் செல்போன வெளிய நீட்டிட்டு நிக்கிறாங்க. சித்தப்பா கண்ண மூடிக்கிட்டாரு. தூக்கமான்னு கேட்டேன், "சத்தம் கேக்குறேன்"ன்னாரு.

மத்தியானம் கெளம்பறதுக்கு முன்னாடி கல்லறைக்குப் பக்கத்துல இருக்கிற வாட் தாவோர்ன் வராராம் கோயிலுக்குப் போனோம், வியட்நாம் மாதிரிக் கட்டடம். அதோட இடுகாட்டுல ஆசியத் தொழிலாளிங்க எலும்புங்கள ஒண்ணாச் சேத்து வச்ச நினைவிடம் ஒண்ணு இருக்கு. பேரு ஒண்ணு கூட இல்ல. அங்கதான் வெத்தல பாக்க வச்சு சூடம் கொளுத்துனோம், காத்துல ரெண்டு தடவ அணைஞ்சு போச்சு, மூணாவது தடவ நான் கைய அணை கட்டிப் புடிச்சுக்கிட்டேன். சித்தப்பா மந்திரமெல்லாம் சொல்லல. "ஆயா தாலிய கழட்டல தாத்தா"ன்னு மட்டும் சத்தமா சொன்னாரு, யாரோ காது கேக்காதவங்ககிட்ட சொல்ற மாதிரி.

இப்ப ஸ்டேஷன்ல உக்காந்து எழுதுறேன். சித்தி போன் பண்ணி, "எடத்த பாத்தீங்களா, எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டாங்க. சித்தப்பா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "ஒரே வெயிலு, தண்ணி நெறைய எடுத்துட்டுப் போகணும்"னு சொல்லிட்டு, வர்றப்ப ஹட்யாய்ல என்ன வாங்கிட்டு வரணும்னு கேட்டு கைல எழுதிக்கிட்டு இருக்காரு. வண்டி இருபது நிமிஷம் லேட்டாம்.